உயரப் பலகையும் ஒன்பது நாள்களும்

முதல் நாள்

நடத்துநர் இரண்டு டிக்கெட் கிழித்தார். ஒன்று எனக்கு. மற்றொன்று என் மடிமேல் குறுக்காகக் கிடந்த உயரப் பலகைக்கு. "என்ன தம்பி, ஏணியா?" என்றார். குழந்தைகளை அளக்கும் பலகை என்றேன். "அளந்து?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. அவர் போய்விட்டார். கேள்வி மட்டும் என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது.

வந்திருக்கும் வேலை இதுதான். வீடு வீடாகப் போய், ஆறு மாதம் நிறைந்து ஐந்து வயது நிறையாத குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையை அளக்க வேண்டும். எடை, உயரம், இடது மேற்கையின் நடுச் சுற்றளவு, பாதங்களில் வீக்கம் உண்டா என்ற சோதனை, வயது. ஐந்தே தகவல். எடை 100 கிராம் வரை துல்லியமாக. உயரமும் கைச் சுற்றளவும் ஒரு மில்லிமீட்டர் வரை துல்லியமாக. காலையில் இதைக் கேட்டபோது, இதற்கா இத்தனை நாள் என்று நினைத்தேன்.

மாலைக்குள் அந்த நினைப்பு போய்விட்டது. அளப்பவர்களைத் தரப்படுத்தும் தேர்வு ஒன்று வைத்தார்கள். பத்துக் குழந்தைகள். ஒவ்வொருவரையும் இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் முதல் சுற்றின் தாள் கையில் இருக்காது. ஒரே குழந்தைக்கு நான் முதலில் எழுதியது 84.3 சென்டிமீட்டர். அரை மணி நேரம் கழித்து எழுதியது 85.6. அந்தப் பையன் அரை மணி நேரத்தில் 13 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தான்.

எங்கள் குழுவின் மேற்பார்வையாளருக்கு இந்த வேலையில் இருபது ஆண்டுப் பழக்கம். எல்லோரும் அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானாகவே வாதாடினேன். "ஒரு தடவை கூடினால் இன்னொரு தடவை குறையும் அக்கா. நூற்றுக்கணக்கில் அளக்கும்போது எல்லாம் சமனாகிவிடாதா?"

"சராசரி சமனாகும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை நிமிர்த்திவைத்து மறுபடி கற்றுக்கொடுத்தார்.

பலகைக்கு இரண்டு பேர் வேண்டும். உதவியாளர் மண்டியிட்டு, ஒரு கையால் கணுக்காலையும் மறு கையால் முழங்காலையும் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். குதிகால், பின்னங்கால், பிட்டம், தோள், பின்தலை எல்லாம் பலகையில் பட வேண்டும். அளப்பவர் இடது கையைக் குழந்தையின் தாடைக்கு அடியில் கொடுத்து, கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் வரும்படி தலையை நிறுத்த வேண்டும். பிறகுதான் தலைக்கட்டையை முடி அமுங்கும் அளவுக்கு இறக்குவது. இத்தனையும் குழந்தை அழத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில நொடிகளில் முடிய வேண்டும். நான் தலைக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பையன் குதிகாலைத் தூக்கியிருக்கிறான். 13 மில்லிமீட்டரும் அங்கேதான் இருந்தது.

இரவு சாமான்களைச் சரிபார்த்தோம். ஒரு ஐந்து கிலோ இரும்புப் படிக்கல், சரியாக 110 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சி. தினமும் காலையில் படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும், குச்சியைப் பலகையில் நிறுத்திப் பார்க்க வேண்டும், வந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பலகை என் பொறுப்பு. எனவே பதிவேடும் என் பொறுப்பு.

இரண்டாம் நாள்

ஜீப்பில் மூன்று மணி நேரம். கடைசி அரை மணி நேரம் சாலை இல்லை, சாலை போன தடம் மட்டும் இருந்தது.

இந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்பதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் விளக்கம் கேட்டார். "இங்கே பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டார்களா?" இல்லை ஐயா, குலுக்கலில் விழுந்த ஊர் என்றேன். அவருக்கு அது இன்னும் அவமானமாகப் பட்டது.

உண்மையிலேயே குலுக்கல்தான். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே சீட்டு கிடையாது. மக்கள்தொகைக்கு ஏற்ப வாய்ப்பு. பெரிய ஊருக்கு அதிகம், சிறிய ஊருக்குக் குறைவு. ஊர் விழுந்தபின் அங்குள்ள குடும்பங்களை எல்லாம் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து மறுபடி குலுக்கல். ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை இருந்தால் இரண்டு குடும்பம். இதைச் சொல்லிவிடலாம், ஒரு வாசலில் நின்று தீர்மானிப்பதற்குள் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் நாம் தீர்ப்புச் சொல்லும்படி ஆகிவிடுகிறது.

பழைய முறை வேறு. ஊரின் நடுவில் நின்று ஒரு பேனாவைத் தரையில் சுழற்றி, அது காட்டும் திசையில் நடந்து வீடு வீடாகப் போவார்கள். அக்கா அப்படியும் வேலை செய்திருக்கிறார். "பேனா எந்தப் பக்கம் காட்டினாலும் நடுவில் இருக்கிற வீடுகளுக்குத்தான் அதிர்ஷ்டம்" என்றார். ஓரத்து வீடுகள் தப்பிப்போகும். ஓரத்தில் யார் குடியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அளந்தது பதினொரு குழந்தைகளை. ஒரு தாய் மகளின் உச்சிக் கொண்டையை அவிழ்க்க மறுத்துவிட்டார். காலையில் அரை மணி நேரம் செலவழித்துப் போட்ட கொண்டையாம். கடைசியில் அவிழ்த்தது நான். மறுபடி போட்டதும் நானே. அளவு சரியாக வந்தது. கொண்டை வரவில்லை.

மூன்றாம் நாள்

எடைக்குத் தராசு இருக்கிறது, உயரத்துக்குப் பலகை இருக்கிறது. வயதுக்கு என்ன இருக்கிறது? இந்த வேலையில் மிகக் கடினமான அளவு வயதுதான் என்று இன்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வீட்டில் சிறுமிக்கு "மூன்று வயது" என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் வெள்ளத்தில் போய்விட்டது. பலகை 84.5 காட்டியது. டேப்லெட்டில் 36 மாதம் என்று தட்டினால், வளர்ச்சி குன்றியவள் என்று வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 36 மாதச் சிறுமிக்கு எல்லைக்கோடு 87.4 சென்டிமீட்டர். ஆனால் அக்கா தட்டவிடவில்லை. ஊர் நிகழ்வுகளின் நாள்காட்டி ஒன்று வைத்திருக்கிறார். பெருவெள்ளம், பாலம் திறந்தது, பள்ளிக்குப் புதுக் கூரை போட்டது, தேர்தல் என்று மாதம் மாதமாக.

"பாலம் திறந்தபோது இவள் பிறந்துவிட்டாளா அம்மா?"

"இல்லை. வயிற்றில் இருந்தாள். திறப்பு விழாக் கூட்டத்தில் நிற்க முடியாமல் நான் திரும்பிவிட்டேன்."

"நிற்க முடியாத அளவுக்கு வயிறு என்றால், அடுத்த மாதம் பிரசவமா?"

"அடுத்த மாதமே."

எண்ணிப் பார்த்தால் 30 மாதம். 30 மாதச் சிறுமிக்கு எல்லைக்கோடு 83.6. அதே சிறுமி, அதே 84.5, இப்போது கோட்டுக்கு மேலே. அவள் உயரத்தில் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை. ஒரு பாலம் எப்போது திறந்தது என்பதுதான் மாறியது.

கோடு என்று சொன்னேன். அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அதே வயதும் பாலினமும் கொண்ட ஆரோக்கியமான குழந்தைகளின் நடு அளவிலிருந்து ஒரு குழந்தை எத்தனை திட்ட விலக்கம் (அளவுகள் நடுவிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அலகு) தள்ளி நிற்கிறது என்பதே இசட் மதிப்பு. வயதுக்கான உயரம் மைனஸ் 2க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றல். உயரத்துக்கான எடை மைனஸ் 2க்குக் கீழே போனால் மெலிவு. மைனஸ் 3க்குக் கீழே என்றால் கடுமையானது. முதலாவது நீண்ட காலக் குறையின் தழும்பு. இரண்டாவது அண்மையில் பட்ட அடி. இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் ஜான் வாட்டர்லோ, 1970களில். அதற்கு முன் வயதுக்கான எடை என்ற ஒரே தட்டில் இரண்டும் கலந்து கிடந்தன. குட்டையான குழந்தையும் இளைத்த குழந்தையும் அதில் ஒன்றுதான்.

மெலிவைக் கணக்கிட வயது தேவையில்லை என்பது ஓர் ஆறுதல். அதிலும் ஒரு கொக்கி உண்டு. 24 மாதத்துக்குக் குறைந்தவர்களைப் படுக்கவைத்து அளக்க வேண்டும், மற்றவர்களை நிற்கவைத்து. படுத்தால் நீளம் கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.7 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆக வயதில் பிழை விட்டால் குழந்தையைக் கிடத்துவதா நிறுத்துவதா என்பதிலேயே பிழை தொடங்கிவிடும்.

நாங்கள் இதுவரை எழுதிய வயதுகளை இரவில் புரட்டிப் பார்த்தேன். 24, 36, 48 என்ற எண்கள்தான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஊரில் எல்லாக் குழந்தைகளும் பிறந்தநாளன்றே என்னிடம் அளக்க வந்திருக்கிறார்கள்.

நான்காம் நாள்

மழை. தடத்தில் ஜீப் ஏறவில்லை. பள்ளிக்கூடத் திண்ணையில் முடங்கிக் கிடந்தோம்.

பொழுது போகாமல் அக்கா ஒரு கதை சொன்னார். பிரான்சில் மோன்பெயார் என்ற பிரபு ஒருவர் 1759 முதல் 1777 வரை தன் மகனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறித்துவைத்தாராம். பிறந்த நாள் தொடங்கிப் பதினெட்டு வயது வரை. ஒரு மனிதக் குழந்தையின் வளர்ச்சியை இத்தனை நீளத்துக்குக் குறித்துவைத்தது அதுவே முதல் முறை. "அவருக்கு ஒரு பிள்ளை, பதினெட்டு வருடம். நமக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம்" என்றார். வேறு எழுத ஒன்றுமில்லை. கொசு.

ஐந்தாம் நாள்

இன்று நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஆற்றோரத்து வீடு ஒன்றில் இரண்டு வயதுப் பையன். கன்னம் உப்பலாக இருந்தது. மற்ற வீடுகளின் ஒட்டிய முகங்களைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. தாய் முதலில் தராசில் ஏறினார், எடையைச் சுழியாக்கினோம், பையனைக் கையில் கொடுத்தோம். வந்த எடை அவன் உயரத்துக்குப் பொருத்தமானது. கையில் நாடா சுற்றினேன். தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே, இறுக்காமல், தளர்த்தாமல். பச்சை. நாடாவில் 125 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை; 115 முதல் 124 வரை மஞ்சள்; 115க்குக் கீழே சிவப்பு.

நான் எழுந்துவிட்டேன். "பாதம்?" என்றார் அக்கா.

இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரல்களால் மூன்று நொடி அழுத்த வேண்டும். அழுத்தினேன். விரலை எடுத்தேன். இரண்டு குழிகள் அப்படியே நின்றன. பிசைந்த மாவில் விரல் வைத்து எடுத்ததுபோல.

தராசு காட்டியது பையனின் எடையை மட்டும் அல்ல, அவனுக்குள் தேங்கிய நீரின் எடையையும் சேர்த்து. இரு பாதங்களிலும் இப்படிக் குழி விழுந்தால் எடை, நாடா எதையும் பார்க்கத் தேவையில்லை. அது கடுமையான ஊட்டக் குறைபாடு. இந்த நோயை 1930களில் இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் விவரித்து எழுதினார். உள்ளூர்க் கா மொழிப் பெயரையே நோய்க்கும் வைத்தார்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். ஆற்றோரத்து வீட்டில் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பரிந்துரைச் சீட்டு எழுதினோம். சீட்டை வைத்துக்கொண்டு அந்தத் தாய் எப்படிப் போவார்? ஜீப்பை அனுப்பினோம். மூன்று வீடுகள் இன்று பாக்கி. கணக்கெடுப்பு என்பது அளப்பது, சிகிச்சை அளிப்பது அல்ல என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடக் கூடாது என்றும் அதே பயிற்சியில்தான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். நாடாவும் தராசும் ஒரே குழந்தைகளைத்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நாடாவில் மஞ்சள் வந்த இரண்டு குழந்தைகள் உயரத்துக்கான எடையில் கோட்டுக்கு மேலே இருந்தார்கள். எடையில் கீழே விழுந்த ஒருவன் நாடாவில் பச்சை. இரண்டில் எது உண்மை என்று கேட்டேன். "இரண்டு வலை. கண்ணிகள் வேறு வேறு" என்றார் அக்கா. நாடாவில் கைக்குழந்தைகள் கூடுதலாக மாட்டுவார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் மற்றதில் மாட்ட வேண்டியவர்கள் நழுவிவிடுவார்கள்.

ஆறாம் நாள்

திட்டு வாங்கிய நாள்.

முதல் ஐந்து நாள் தரவையும் கணினியில் ஏற்றி அக்கா எனக்குக் காட்டினார். என் உயர அளவுகளின் கடைசி இலக்கங்களை மட்டும் தனியே எடுத்திருந்தார். ஒழுங்காக அளந்தால் சுழி முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். எனக்குச் சுழியும் ஐந்தும் இரண்டு கோபுரங்களாக எழுந்து நின்றன. இடையில் மற்ற இலக்கங்கள் குடிசைகள். 84.3ஐ 84.5 என்றும் 91.9ஐ 92 என்றும் என் கண் தானாகவே முழுமையாக்கியிருக்கிறது. ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. அளவுகோலைப் படிக்காமல் அளவுகோலுக்குப் பக்கத்தில் படித்திருக்கிறேன்.

"இரண்டு மில்லிமீட்டர்தானே அக்கா. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்."

அவர் வெளியே வந்து மண்ணில் குச்சியால் ஒரு குன்று வரைந்தார். "இது உண்மையான பிள்ளைகள். உயரத்துக்கான எடையில் நடுப்புள்ளி மைனஸ் 0.8 என்று வை. திட்ட விலக்கம் 1. மைனஸ் 2க்குக் கீழே எத்தனை பேர்?" டேப்லெட்டில் தட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு 11.5.

அதே நடுப்புள்ளியில் இன்னொரு குன்று வரைந்தார். தட்டையாக, பக்கவாட்டில் அகலமாக. "இது நீ அளந்த பிள்ளைகள். பிழை இரண்டு பக்கமும் சமமாகத்தான் விழுந்திருக்கிறது, நீ சொன்னபடி. சராசரி அசையவில்லை. விலக்கம் மட்டும் 1.2 ஆகிவிட்டது. இப்போது சொல்."

15.9.

குன்றின் நடுவில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். ஓரத்தில் கட்டாது. கோட்டுக்கு மேலே நெருங்கி நிற்பவர்கள் ஏராளம், கீழே நிற்பவர்கள் கொஞ்சம். இரு பக்கமும் சமமாகத் தள்ளினால் கீழே விழுபவர்களே அதிகம். நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் இப்படிப் புதிதாக மெலிந்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்த ஊரிலும் இல்லை. என் விரல் நழுவிய இடத்தில் பிறந்தவர்கள். 2018இல் வகுத்த எல்லைகளின்படி மெலிவு 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் என்றால் "அதிகம்". 15ஐ எட்டினால் "மிக அதிகம்". ஆக ஒரு மாவட்டத்தையே ஒரு படி இறக்கிவிட இப்படிச் சேரும் அளவுப் பிழைகள் போதும். இதில் வேடிக்கை, விலக்கம் 0.8க்கும் 1.2க்கும் இடையில் இருந்தால் தரவு ஏற்கத்தக்கது என்பது நடைமுறை. 1.2 என்பது தேறிய மதிப்பெண்.

முதல் நாள் இந்தப் பதிவில் நான் வைத்த வாதத்தை அழிக்காமல் விடுகிறேன். அப்படி நினைப்பவர் இன்னும் ஒருவராவது இருப்பார்.

மதியம் உச்சி வெயிலில் எட்டுக் குழந்தைகளை மறுபடி அளந்தேன். கடைசி இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லி, உதவியாளத் தம்பி அதைத் திருப்பிச் சொன்ன பிறகே எழுதினேன்.

ஏழாம் நாள்

அதிகாலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. ஓட்டுநர் அண்ணன் ஆற்றில் தண்ணீர் ஏறும் முன் கடக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். தடம் முழுவதும் பலகை ஜீப்பின் தரையில் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

பூட்டிய வீடுகளின் நாள். குலுக்கலில் விழுந்த வீடுகளில் நான்கு பூட்டியிருந்தன. பக்கத்து வீட்டில் மூன்று குழந்தைகள் வாசலிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். "இவர்களை அளந்துகொள்ளுங்களேன் சார்" என்று அவர்களின் பாட்டி கைகாட்டினார். ஒரு நிமிடம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கூடாது. வீட்டில் இருக்கும் குழந்தையும் வீட்டில் இல்லாத குழந்தையும் ஒன்றல்ல. பூட்டிய வீட்டுத் தாய் தூரத்து வயலில் கூலி வேலைக்குப் போயிருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கைக்கு எட்டியவர்களை வைத்து இட்டு நிரப்பினால், கணக்கில் வர வேண்டியவர்களே வெளியே நின்றுவிடுவார்கள்.

மாலை வரை காத்திருந்தோம். இரண்டு வீடுகள் திறந்தன. மற்ற இரண்டை "இல்லை" என்றே எழுதினோம். அப்படி எழுதுவதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

ஒரு தாய் அளந்து முடித்ததும் கேட்டார்: "என் பிள்ளை குறைவா சார்?" நாடா பச்சை, பாதத்தில் வீக்கமில்லை, அதைச் சொன்னேன். "உயரம்?" என்றார். கோட்டுக்குச் சற்றுக் கீழே. என்ன சொல்வது? மைனஸ் 2 என்பது ஒரு கோடு. எல்லாக் குழந்தைகளும் செழிப்பாக வளரும் ஊரிலும் நூற்றுக்கு இரண்டு பேர் இயல்பாகவே அதற்குக் கீழே இருப்பார்கள். இந்தப் பையன் அந்த இருவரில் ஒருவனா, குறையால் குன்றியவனா என்று ஒரே ஒரு அளவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஊருக்குச் சொல்லலாம், பிள்ளைக்குச் சொல்ல முடியாது. இதை நான் எவ்வளவு எளிமையாகச் சொல்லிப் பார்த்தும், அவர் முகத்தில் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ஆள் எதையோ மறைக்கிறான்.

எட்டாம் நாள்

நகரத்துக்குத் திரும்பிவிட்டோம். நாள் முழுவதும் அறைக்குள். தரவைப் பார்க்க இன்னொரு பெரியவர் வந்திருந்தார். ஊர் ஊராகச் சுற்றாத, ஆனால் எண்களை நன்றாகத் தெரிந்த மனிதர்.

"குட்டை என்றால் பரம்பரை. எங்கோ இருக்கும் பிள்ளைகளின் அளவை வைத்து இவர்களை எப்படி எடைபோடுவது?" என்று ஆரம்பித்தார். நியாயமான கேள்வி. பழைய அளவுகோலைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் நியாயம். 1970களின் அந்த அளவுகோலில் இரண்டு வயதுக்குட்பட்ட பகுதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளிடமிருந்து எடுத்தது. 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது வேறு வகை. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பால் குடித்தவர்கள், புகைக்காத தாய்மார்களின் பிள்ளைகள், வறுமை வளர்ச்சியைத் தடுக்காத வீடுகள். அந்தக் குழந்தைகளின் நீள வேறுபாட்டில் நாடுகளுக்கு இடையிலானது வெறும் 3 விழுக்காடு. ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வேறுபாடு 70 விழுக்காடு. ஐந்து வயதுக்குள் பரம்பரை பேசுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும்போதுதான். நாட்டோடு நாட்டை ஒப்பிடும்போது அல்ல.

அடுத்து, "உணவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடலாமா?" என்றார். அக்கா வேண்டாம் என்றார். யூனிசெஃப் 1990இல் வரைந்த காரணப் படத்தில் உணவுக்குப் பக்கத்திலேயே நோய் நிற்கிறது. மாதம் ஒரு முறை வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாலும் உடலில் ஒட்டாது. அதற்கும் கீழே தண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நலம், பிறந்தபோது இருந்த எடை. எங்கள் பலகை விளைவை அளக்கிறது. காரணம் அதில் குறித்திருக்காது.

மெலிவைப் பற்றித்தான் நீண்ட விவாதம். எங்கள் கணக்கெடுப்பு ஒரு பருவத்தின் ஒன்பது நாள். மெலிவோ சில வாரங்களில் வந்து போவது. தேறிவிடுவார்கள் அல்லது இறந்துவிடுவார்கள். ஒரு நாள் எண்ணியவர்களை வைத்து ஓர் ஆண்டில் மெலிந்தவர்கள் இத்தனை பேர் என்று சொன்னால், பஸ் நிலையத்தை ஒரே ஒரு புகைப்படம் எடுத்துவிட்டு இன்று பயணம் செய்தவர்கள் இவ்வளவுதான் என்று சொல்வதுபோல ஆகிவிடும். 2024இல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியவர்கள் சுமார் 15 கோடி, மெலிந்தவர்கள் சுமார் 4.3 கோடி என்கிறது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. இரண்டாவது எண் சிறியது என்று யாராவது நிம்மதி அடைந்தால், அவர் படத்தைப் பார்த்திருக்கிறார், வந்துபோன பஸ்களைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அந்தப் பெரியவரே சொன்னார்; அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. "இறந்துபோன பிள்ளைகள் உங்கள் பலகையில் ஏறவில்லையே?" ஏறவில்லை. மிகக் கடுமையான ஒரு பருவத்தில் மெலிந்தவர்கள் இறந்துவிட்டால், உயிரோடு இருப்பவர்களை அளக்கும் கணக்கில் விழுக்காடு குறைந்தும் போகலாம். அதனால்தான் இறப்பைப் பற்றித் தனியாக ஒரு கேள்வித்தாள். நான்காம் பக்கம். அந்தப் பக்கத்தை நான் கேட்டதே இல்லை. எல்லா வீட்டிலும் அக்காதான் கேட்டார், என்னைப் பிள்ளையோடு விளையாட அனுப்பிவிட்டு. ஏன் என்று இன்றுதான் புரிந்தது.

ஆற்றோரத்துப் பையனைச் சேர்த்துக்கொண்டார்களாம். வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது, எடை குறைகிறது என்று ஓட்டுநர் அண்ணன் சொன்னார். எடை குறைவது நல்ல செய்தியாக இருக்கும் ஒரே இடம்.

ஒன்பதாம் நாள்

சாமான்களை ஒப்படைக்கும் நாள். தராசில் படிக்கல்லை வைத்தேன். 5.0. பலகையில் குச்சியை நிறுத்தினேன். 110.6.

மறுபடி நிறுத்தினேன். 110.6. பலகையில் அளவுகோலைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று தளர்ந்து, அளவுகோல் கீழே இறங்கியிருந்தது. ஆறு மில்லிமீட்டர். அளந்த ஒவ்வொரு குழந்தையையும் அந்த அளவுக்கு உயரமாகக் காட்டியிருக்கும். இது அந்த மண்குன்றை அகலமாக்கும் பிழை அல்ல. குன்றையே தூக்கித் தள்ளிவைக்கும் பிழை. குன்றியவர்கள் குறைவார்கள், மெலிந்தவர்கள் கூடுவார்கள்.

எப்போதிலிருந்து? பதிவேட்டைத் திறந்தோம். முதல் நாள் 110.0. இரண்டாம் நாள் 110.0. நான்காம் நாள் மழை. ஆறாம் நாள் காலை 110.0. ஏழாம் நாள் கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. எண் இல்லை.

"எல்லாவற்றிலும் 0.6ஐக் கழித்துவிடலாமா அக்கா?" என்றேன்.

"எந்தப் பிள்ளையிலிருந்து? ஆறாம் நாள் வெயிலில் மறுபடி அளந்தாயே, அதற்கு முன்பா பின்பா? ஏழாம் நாள் காலையிலேயே ஆறு மில்லிமீட்டரா, இரண்டில் தொடங்கி ஆறுக்கு வந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க ஒரே வழி அந்தக் கட்டத்தில் ஓர் எண் இருந்திருப்பதுதான்.

அவர் கோபப்படவில்லை. திருகாணியை முடுக்கி, குச்சியை நிறுத்தி, 110.0 என்று தன் கையாலேயே எழுதினார். ஆறாம் நாள் ஊரையும் ஏழாம் நாள் ஊரையும் மறுபடி அளக்க வேண்டும். கொண்டைக்காரிகள் இருந்தால் கொண்டை போடத் தெரிந்த ஒருவரையும் அழைத்துவரச் சொன்னார். "உயரம்?" என்று கேட்ட அந்தத் தாய் என்னைப் பார்த்ததும் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளை காலை ஐந்து மணிக்கு ஜீப். நாலரைக்கு நான் குச்சியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.